என் தலைக்கட்டில் லியாங்

1

போன வாரம் என் விண்ணப்பம் மறுபடியும் திரும்பி வந்தது. புகைப்படத்தில் காது சரியாகத் தெரியவில்லையாம். அதற்கு முந்தைய தடவை கையெழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. அதற்கும் முன்னால் அப்பா பெயரில் ஓர் எழுத்து கூடுதல். இப்போது காது. கச்சிராயபாளையம் பள்ளிக்கூடத்தில் எந்த வாத்தியாரும் என் காதைத் தேடிக் கஷ்டப்பட்டதில்லை. கணக்கு வாத்தியாருக்கு அது எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே தெரியும்.

இது என்ன விண்ணப்பம் என்று சொல்லிவிடுகிறேன். இந்தியக் குடியுரிமையை விட்டவர்களுக்கு ஓர் அட்டை கொடுக்கிறார்கள். அதன் பெயர் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை. இந்தியாவின் குடிமகனாக இல்லாதவர்களுக்கு மட்டும்தான் அந்தக் குடிமகன் அட்டை கிடைக்கும். இதை முதல் தடவை படித்தபோது அச்சுப்பிழை என்று நினைத்தேன். அது கைக்கு வந்துவிட்டால் விசா இல்லாமல் ஊருக்குப் போகலாம். வரும்வரை நான் ஊருக்கு அந்நியன்.

காதைப் பற்றிய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மெல்பர்னில் என் வீட்டுப் பின்பக்கம் நின்றேன். பக்கத்து வீட்டு லியாங் வேலிக்கு மேலே தலையை நீட்டினார்.

"ஆடி வருகிறதே, கிளம்ப வேண்டாமா?" என்றார்.

லியாங் சீனாக்காரர். ஆடி மாதம் எப்போது பிறக்கிறது என்று எங்கள் தெருவில் என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அது எப்படி என்று சொல்வதற்குத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

சீனாவில் பணம் சேர்த்தவர்கள் ஒவ்வொருவராக வெளிநாட்டுக்குக் கிளம்புகிறார்கள் என்று நீங்கள் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். நான் அதை வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

லியாங்குக்கு அங்கே பிளாஸ்டிக் நாற்காலி செய்கிற தொழிற்சாலை இருந்தது. நம் ஊர்க் கல்யாணங்களில் நாம் உட்காருகிற மாதிரி நாற்காலிதான். அதில் கொழித்துப்போய், தொழிற்சாலையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, மனைவியோடும் மகனோடும் இங்கே வந்தார். வந்ததும் வீட்டை வாங்கினார். பிறகு இரண்டு ஃபிரிட்ஜ், ஒரு ஜெனரேட்டர், ஓர் அறை நிறைய அரிசி மூட்டை. "இவ்வளவு எதற்கு?" என்று கேட்டேன். ஆங்கிலத்தில் அவர் சொன்னதைத் தமிழில் சொன்னால், "எதுக்கும் இருக்கட்டும்."

ஊரை ஏன் விட்டு வந்தீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். தொழில் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, யாரும் தொந்தரவு செய்யவில்லை, மகன் அங்கேயே நல்ல பள்ளியில்தான் படித்தான் என்று எல்லாவற்றையும் சொன்னார். "பிறகு ஏன்?" என்றேன். "எதுக்கும் இருக்கட்டும் என்றுதான்" என்றார். அவருக்குத் தெரிந்த பணக்காரர்கள் எல்லோரும் கனடாவிலோ சிங்கப்பூரிலோ ஒரு வீடு வாங்கிப் போட்டுவிட்டார்களாம். பந்தியில் பக்கத்து இலைக்காரர் எழுந்தால் நமக்கும் எழுந்துவிடத் தோன்றும் இல்லையா, அது மாதிரி இவரும் எழுந்து வந்துவிட்டார். பிறகு இந்த ஊர்க் குடியுரிமையும் வாங்கினார். அவர்கள் நாட்டிலும் இரண்டு குடியுரிமை கூடாது, நம் நாட்டிலும் கூடாது. இரண்டு அரசாங்கங்களும் சண்டையில்லாமல் ஒத்துப்போகிற விஷயம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

பாஸ்போர்ட்டைக் கொடுத்தவர் நாட்டையும் விட்டுவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். கார் ஷெட்டுக்குள் சீனக் கொடி மாட்டியிருக்கிறார். டேபிள் டென்னிஸ் போட்டி நடக்கும் நாட்களில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து கத்துவார். தன் நாட்டைப் பற்றி அவர் திட்டாத திட்டு கிடையாது. புகை, கூட்டம், அதிகாரிகள் என்று வரிசையாக வரும். நாம் "ஆமாம்" என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. ஒரு தடவை சொல்லிவிட்டேன், அந்த வாரம் முழுக்க வேலிக்கு மேலே தலையே தெரியவில்லை.

நான் மட்டும் என்ன ஒழுங்கு? கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டைப் பற்றி நான் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்வேன். உளுந்தூர்பேட்டை ஓட்டல் ஒன்றின் காப்பியைப் பற்றி இணையத்தில் யாரோ வெள்ளைக்காரர் குறை எழுதியிருந்தார். அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவருக்குப் பதில் எழுதினேன். அந்த ஓட்டலில் நான் காப்பி குடித்ததே இல்லை. ஆகஸ்ட் பதினைந்துக்கு இங்கே கொடியேற்றும்போது பார்க்க வேண்டும். முதல் வரிசையில் வெள்ளை ஜிப்பா போட்டு, தொண்டை கிழியப் பாடுகிறவர்கள் எல்லோரும் பாஸ்போர்ட்டை எப்போதோ ஒப்படைத்தவர்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்த நான் பின்வரிசையில் நின்று சமோசா எங்கே என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

3

என் வேலை நகராட்சிப் பூங்காப் பிரிவில். நாற்றங்காலில் செடி வளர்க்கிறேன். இந்த ஊரில் புதிதாகக் குடியுரிமை பெறுகிறவர்களுக்கு விழா நடத்தி, உறுதிமொழி வாங்கிக்கொண்டு, கையில் ஒரு செடி கொடுத்து அனுப்புவார்கள். அந்தச் செடியை வளர்ப்பது நான்தான். எத்தனையோ தேசத்துக்காரர்களை என் செடியைக் கொடுத்து ஆஸ்திரேலியர் ஆக்கியிருக்கிறேன். நான் மட்டும் போன வருஷம் வரை ஆகவில்லை.

என் மனைவி சுமதியும் மகள் யாழினியும் முன்பே வாங்கிவிட்டார்கள். போன வருஷம் எனக்கும் அனுமதி வந்து, விழாவுக்குத் தேதியும் கொடுத்தார்கள். முதல் தேதிக்கு எனக்குக் காய்ச்சல். இரண்டாவது தேதிக்கும் காய்ச்சல் என்று எழுதினேன். சுமதி தெர்மாமீட்டரை என் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினாள். மூன்றாவது தேதியோடு வந்த கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது. இந்த முறையும் வராவிட்டால் அனுமதியே ரத்தாகலாம், பிறகு முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று அதில் இருந்தது.

"அப்பா, இந்த வீட்டில் நீ ஒருத்தன்தான் ஃபாரினர்" என்றாள் யாழினி. தோசையைத் தின்றுகொண்டு, ஆங்கிலத்தில் சொன்னாள்.

சரி, வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். ஆனால் அந்த நீலப் பாஸ்போர்ட்டைக் கொடுப்பதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை அதை வைத்துக்கொண்டு ஊருக்குப் போய்வர வேண்டும் என்று இருந்தது. ஒரு வாரப் பயணம். விழாவுக்கு முன்னால் திரும்பிவிடலாம். லியாங்கிடம் சொன்னேன். "நானும் வருகிறேன். அந்த மலையைப் பார்க்க வேண்டும்" என்றார். கல்வராயன் மலையைப் பற்றி வேலிக்கு மேலே நான் அளந்துவிட்டது அவ்வளவு இருந்தது.

4

எங்கள் ஊர் கச்சிராயபாளையத்துக்கும் கோமுகி அணைக்கும் பக்கம். பெயர் சொன்னால் உங்களுக்குத் தெரியாது, கரும்பு லாரிக்காரர்களுக்குத் தெரியும். ஊரில் இருப்பது என் அண்ணன் ஏழுமலையும் அண்ணியும். வீடு ஒன்றுதான், நடுவில் சுவர் வைத்து அண்ணன் பாகம், என் பாகம் என்று இரண்டாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போய் இறங்கினோம். அண்ணன் லியாங்குக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். லியாங் உட்காரவில்லை. நாற்காலியைக் கவிழ்த்துப்போட்டு அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். காலை அமுக்கினார். "பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்தது. குண்டாக இருப்பவர்கள் சாயக் கூடாது" என்றார். நான் மொழிபெயர்த்தேன். பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் இதே கதை. முதலில் நாற்காலியைக் கவிழ்ப்பார். சனங்களே அவர் வருவதைப் பார்த்துவிட்டு நாற்காலியைக் கவிழ்த்து வைக்க ஆரம்பித்தார்கள். லியாங் என்ற பெயர் வாயில் நுழையாமல் மறுநாளே லிங்கம் ஆகிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் மலைக்குப் போய், வெள்ளிமலையில் இரண்டு நாள் தங்குவதாக ஏற்பாடு. அண்ணன் தடுத்தார்.

"இன்னிக்கு வாணான்டா. மழ வரும் போலருக்குது. நாளைக்குப் போய்க்கினா ஆவாதா?"

வானத்தில் ஒரு மேகம் இல்லை. ஆனால் அண்ணன் சொன்னால் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. அன்று சாயங்காலம் மாரியம்மன் கோயில் பக்கமிருந்து பம்பைச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மைக்கில் சொன்னார்கள். அம்மனுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திருவிழா அடுத்த வாரம் தொடங்குவதாக அல்லவா போனில் சொன்னார்கள்?

காப்புக் கட்டு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால், அன்று இரவு ஊரில் படுத்தவர்கள் திருவிழா முடிகிறவரை எல்லைக்கு வெளியே இரவு தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், படுக்கைக்கு எல்லைக்குள் வந்துவிட வேண்டும். கடைசி நாள், அடுத்த வாரம் புதன்கிழமை, அம்மனுக்கு வெட்டிய கிடாய்க் கறியைப் பங்கு போடுவார்கள். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு ஒரு பங்கு. நாட்டாமை மைக்கில் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். அந்த வீட்டு ஆள் "இருக்கேன்" என்று சொல்லி இலையை நீட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். யாரும் பதில் சொல்லாத பேர் அதோடு போயிற்று. மறு வருஷம் கூப்பிட மாட்டார்கள்.

நான் மெல்பர்ன் போன பிறகும் கலியபெருமாள் என்ற என் பேர் போகாமல் இருந்ததற்குக் காரணம் அம்மா. என் பாகத்து வீட்டில் படுத்து, என் பேருக்கு அவள்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா தவறிப்போய் இது முதல் ஆடி.

குடியுரிமை விழா எனக்கு அதே புதன்கிழமை மெல்பர்னில். விமானம் ஞாயிற்றுக்கிழமை.

5

மறுநாள் காலை எதற்கும் பார்ப்போம் என்று பையைத் தூக்கிக்கொண்டு லியாங்கோடு வாடகைக் காரில் கிளம்பினேன். எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் புளியமரத்தடியில் நாட்டாமை உட்கார்ந்திருந்தார். பெயர் கோவிந்தசாமி, எனக்கு மாமா முறை. கையைக் காட்டிக் காரை நிறுத்தினார்.

"எங்க பொறப்பட்டீங்க?"

"மலைக்கு மாமா. இவரு பாக்கணும்னாரு."

"பாத்துட்டு வாங்க. பை இன்னாத்துக்கு?"

நான் பையைக் காலுக்கடியில் தள்ளினேன். மாமா லியாங்கைப் பார்த்தார். "ராத்திரி இவுரு எங்க படுத்தாரு?"

"என் பாகத்து மாடில."

"அப்ப இவுருக்கும்தான். பைய வூட்ல வச்சிட்டுப் போங்க."

லியாங்குக்கு விஷயத்தைச் சொன்னேன். அவர் எல்லைக்கல்லையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார். பாதி உலகத்தில் வீடு வாங்கக் கூடிய பணம், எந்த விமான நிலையத்திலும் நிறுத்தாத பாஸ்போர்ட், யாரும் தன்னைத் தடுக்கக் கூடாது என்று கண்டம் விட்டுக் கண்டம் வந்த மனிதர். கச்சிராயபாளையத்துப் பக்கம் ஒரு புளியமரத்தடியில் மாட்டிக்கொண்டார்.

"போனால் என்ன செய்வார்கள்?" என்றார்.

"உங்களை ஒன்றும் செய்ய மாட்டார்கள். என் பேரைக் கூப்பிட மாட்டார்கள்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவர் காரிலிருந்து பையை இறக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார். மறுநாளிலிருந்து காலையில் எல்லைக்கல் வரை ஓடிப் போய், கல்லைத் தொட்டுவிட்டுத் திரும்பி ஓடி வருவது அவருக்கு வழக்கமாகிவிட்டது. மலை அங்கிருந்து நன்றாகத் தெரியும்.

வீட்டுக்கு வந்தால் அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு வெங்காயம் உரித்தாள். தேதி எப்படி மாறியது என்று கேட்டேன்.

"என்ன கேக்காதீங்க தம்பி. ஒங்க அண்ணன்தான் ஊர்க் கூட்டத்துல எழுந்து நின்னுகினு, முன்னாடி வைங்கன்னு ஒரே புடியா புடிச்சாரு. அத நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

அண்ணன் கரும்புக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். நேராகப் போய்க் கேட்டேன். மண்வெட்டியை நிறுத்தாமலே பேசினார்.

"ஆமாண்டா, நான்தான் மாத்தச் சொன்னேன். அம்மா இல்ல. காப்பு அன்னிக்கு நீ இங்க படுக்கலன்னா ஒன் பேர யாரு சொல்றது?"

"எனக்குப் புதன்கெழம அங்க வேல இருக்குதுண்ணா. ஆபீஸ்ல..."

"ஆபீஸ் வேல இல்ல. கொழந்த போன்ல சொல்லிச்சு, அப்பா பாஸ்போர்ட்ட குடுத்துட்டு வேற வாங்கப் போறாருன்னு." மண்வெட்டி நின்றது. "குடுத்துட்டா அப்பறம் இங்க எப்புடி வருவ?"

"விசா வாங்கிகினு வரலாம்ணா. அப்பறம் ஒரு அட்ட குடுப்பாங்க."

"விசா." அண்ணன் அந்த வார்த்தையை நாக்கில் வைத்துப் பார்த்தார். "அந்த அட்ட இருந்தா ஓட்டு போடலாமா?"

"முடியாது."

"கொல்லி, கழனி வாங்கலாமா?"

"முடியாது."

"அது பேரு இன்னா?"

சொன்னேன். அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். "எங்கூடப் பொறந்தவன், என் வூட்டுக்கு வர்றதுக்கு விசா வாங்கிகினு வரணுமாடா?"

அங்கே போகாவிட்டால் பெண்டாட்டி பிள்ளையோடு ஒரே தேசத்துக்காரனாக இருக்கிற வாய்ப்புப் போய்விடும். போனால் இங்கே பேர் போய்விடும். இரண்டும் ஒரே புதன்கிழமை. வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் மடையைத் திருப்பப் போனார்.

6

வெள்ளிக்கிழமை மத்தியானம் கோயில் பந்தலில் ஊர் கூடியது. திருவிழா வேலைகளைப் பேசுவதற்கான கூட்டம், அதில் என் விஷயமும் ஒன்று. லியாங் பந்தலுக்கு வந்ததும் முதல் காரியமாக வாடகை நாற்காலி இரண்டைக் கவிழ்த்தார். பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான்கு வரிசை நாற்காலியும் அவருடைய தொழிற்சாலையில் செய்தது. அடிப்பக்கத்தில் அவருடைய முத்திரை இருந்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பையனுக்குப் பரிசு கிடைத்த தகப்பன் மாதிரி ஒவ்வொன்றையும் தடவிக் கொடுத்தார்.

நான் எழுந்து, ஞாயிற்றுக்கிழமை நான் போயாக வேண்டும் என்று விஷயத்தைச் சொன்னேன். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சென்னையில் பஸ் ஓட்டுகிறவனுக்கு எப்படி விட்டோம், போலீஸில் இருக்கிறவனுக்கு எப்படி விட்டோம் என்று பழைய கதைகள் வந்தன. அவர்கள் வீட்டில் பெண்டாட்டியோ தகப்பனோ எல்லைக்குள் இருந்தார்கள். ஒரு தலைக்கட்டில் ஒருவராவது காப்பு அன்று படுத்து, கடைசிவரை இருந்தால் போதும்.

"கலியபெருமாள் வூட்ல வேற யாரு படுத்தாங்க?" என்றார் நாட்டாமை.

"யாரும் இல்லீங்க" என்றார் அண்ணன்.

"ஏன், லிங்கம் படுத்தாரில்ல?"

பந்தலில் எல்லாத் தலையும் லியாங் பக்கம் திரும்பியது. அவர் ஒரு நாற்காலியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அவுரு நம்ம ஊரா இன்னா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். "சைனாக்காரரு."

"சைனா இல்ல. இப்ப ஆஸ்திரேலியா" என்றேன் நான். எதற்காகச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

நாட்டாமை விரலை மடக்கி யோசித்தார். "கலியன் இப்ப எந்த ஊருக்காரனா ஆவப் போறான்? அந்த ஊருதான? லிங்கமும் அந்த ஊரு. பக்கத்துப் பக்கத்து வூடு வேற. அப்ப இவன் இருந்தா இன்னா, அவுரு இருந்தா இன்னா?"

உலகத்தில் எந்த நீதிமன்றத்திலும் இந்த வாதம் நிற்காது. எங்கள் பந்தலில் நின்றது. கறி தின்பாரா என்று ஒருவர் கேட்டார். தின்பார் என்றேன். வேட்டி கட்டத் தெரியுமா என்றார் இன்னொருவர். பெல்ட் போட்டுக் கட்டிவிடலாம் என்று அண்ணியே பெண்கள் பக்கமிருந்து சொன்னாள்.

அண்ணன் மட்டும் எழுந்து நின்றார். "பேருக்கு யாரோ ஒருத்தர் பதில் சொன்னா சரியாப் போச்சா? அவுருக்கு இங்க இன்னா இருக்குது? நாளைக்கே போர் அடிச்சுதுன்னா ஏரோப்ளேன் ஏறிப் போயிடுவாரு. பணக்காரரு."

லியாங் என்ன என்று கேட்டார். அப்படியே சொன்னேன். அவர் நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன்.

அவர் பிறந்த கிராமத்தை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்களாம். நல்ல விலை கொடுத்தார்கள், எல்லோரும் சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டார்கள். அவருடைய தகப்பனார் வீடு இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். அவர் நாட்டை விட்டுக் கிளம்பியபோது ஏன் போகிறீர்கள் என்று வங்கியில் கேட்டார்கள், வரி அலுவலகத்தில் கேட்டார்கள். போகாதே என்று சொல்ல ஊரில் ஆள் இல்லை. "உன் தம்பியைப் போக விடாமல் இருக்கத் திருவிழாவையே மாற்றியிருக்கிறாய். எனக்கு அந்த மாதிரி ஒருவரும் செய்யவில்லை. நான் இருக்கிறேன். புதன்கிழமை வரை ஓடிப் போக மாட்டேன்."

அண்ணன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"'இருக்கேன்'னு சொல்லத் தெரியுமா அவுருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

7

ஞாயிற்றுக்கிழமை உளுந்தூர்பேட்டை வரை அண்ணன் பைக்கில் கொண்டுவந்து சென்னை பஸ் ஏற்றிவிட்டார். போகும்போதும் பேசவில்லை, ஏற்றிவிடும்போதும் பேசவில்லை. ஒரு பை நிறைய முறுக்கை மட்டும் ஜன்னல் வழியாகத் திணித்தார்.

புதன்கிழமை சாயங்காலம் மெல்பர்ன் நகராட்சி மண்டபத்தில் நான் வளர்த்த செடிகள் மேடையில் வரிசையாக நின்றன. கோட்டுப் போட்டுக்கொண்டு நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எல்லோருமாகச் சேர்ந்து உறுதிமொழி எடுத்தோம். இந்த நாட்டுக்கும் மக்களுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று நானும் சொன்னேன், மனதறிந்துதான் சொன்னேன். பிறகு ஒவ்வொருவராகப் பேர் கூப்பிட்டு மேடைக்கு அழைத்தார்கள்.

இங்கே சாயங்காலம் என்றால் ஊரில் மத்தியானம். பையில் போன் அதிர்ந்தது. அண்ணன் வீடியோவில் கூப்பிட்டிருந்தார். சுமதி முறைத்தாள். சத்தத்தைக் குறைத்து, முழங்காலுக்கு நடுவில் வைத்துப் பார்த்தேன்.

பந்தல் தெரிந்தது. இலைகளில் கறிப் பங்கு தெரிந்தது. லியாங் வேட்டி கட்டி, மேலே என்னுடைய பழைய சட்டையைப் போட்டு, நெற்றியில் திருநீறும் குங்குமமுமாக நின்றார். இடுப்பில் இரண்டு பெல்ட். ஒன்று போதாதா என்று நினைத்தேன், உடனே எனக்கே விளங்கிவிட்டது. நாட்டாமை மைக்கில் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் பேர் வந்தது. அண்ணன் "இருக்கேன்" என்றபோது படம் ஆடியது.

"கலியபெருமாள் தலைக்கட்டு."

லியாங் வாயைத் திறந்து மூடினார். மறந்துவிட்டாரோ என்று போன்மேல் குனிந்தேன். பிறகு இலையை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு, பந்தலே திரும்பிப் பார்க்கிற மாதிரி சொன்னார்.

"இருக்கேங்க!"

பந்தல் சிரித்தது. அண்ணன் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கி எதுவும் தெரியவில்லை. மேடையில் யாரோ ஒருவர் "கேலி... கேலியா..." என்று ஒரு பேரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். யாழினி என் விலாவில் இடித்தாள்.

"அப்பா, உன்னைத்தான்."

எழுந்து நின்றேன். மண்டபம் என்னைப் பார்த்தது. "இருக்கேங்க" என்றேன்.

8

லியாங் திருவிழா முடிந்து மலைக்கும் போய், வெள்ளிமலையில் தங்கி, கருத்துப் போய்த் திரும்பி வந்தார். என் பங்குக் கறியை அண்ணி உப்புக்கண்டம் போட்டுக் கொடுத்திருந்தாள். விமான நிலையத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்களாம். அவருக்கு அதில் இன்னும் வருத்தம்.

அண்ணன் இப்போது என்னிடம் பேசுகிறார். போன மாதம் பேசியபோது, "ஒண்ணு சொல்லணும், கோச்சிக்காத" என்று ஆரம்பித்தார். ஊரில் கூடிப் பேசினார்களாம். காப்புக் கட்டின பிறகு எல்லை தாண்டிப் படுத்தவன் தலைக்கட்டுக்குத் தலையாக இருக்க முடியாது. கடைசிவரை இருந்தவர்தான் தலை. அதனால் இந்த ஆடியிலிருந்து மைக்கில் லிங்கம் தலைக்கட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். நான் அவர் வீட்டு ஆளாக அதற்குள் இருப்பேன்.

"பேரு போவலடா. அவுரு பேருக்குள்ளாற இருக்குது" என்று அண்ணன் சமாதானம் சொன்னார். அவர் குரலில் இருந்த சந்தோஷத்தை மறைக்கப் பார்த்தார், முடியவில்லை.

இதை லியாங்கிடம் சொன்ன நாளிலிருந்து அவர் நடையே மாறிவிட்டது. என்னிடம் ஏதாவது கேட்பதென்றால் வேலிக்கு மேலே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்கிறார். போன வாரமும் அப்படித்தான். காதைப் பற்றிய கடிதத்தைக் காட்டினேன். வாங்கிப் படித்துவிட்டு, என் காதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"ஆடிக்குள் அட்டை வந்துவிடுமா?"

"தெரியவில்லை. விசாவுக்கும் எழுதிப் போட்டிருக்கிறேன்."

"எனக்கு விசா இருக்கிறது. போன வருஷமே ஐந்து வருஷத்துக்கு வாங்கிவிட்டேன்" என்றார். "டிக்கெட்டும் போட்டுவிட்டேன். உன் அண்ணனுக்கு நான்கு நாற்காலி கொண்டுபோகிறேன், குண்டானவர்களும் சாயலாம். காப்புக்கு முதல் நாளே போய்ப் படுத்துக்கொள்கிறேன். நீ அட்டை வந்ததும் வா."

கடிதத்தை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் இறங்கிப் போனவர் திரும்பவும் தலையை நீட்டினார்.

"உனக்கும் ஒரு டிக்கெட் போட்டிருக்கிறேன். எதுக்கும் இருக்கட்டும்."